பிறகு கேள்

கடலூர் முதுநகர் துறைமுகம், மணி இரண்டே கால்.
கட்டிக் கிடக்கும் விசைப்படகின் சுக்கான் அறையில்
என் பெட்டி மூடி கழன்று
வயிறு கீறிய கொடுவா மாதிரி கிடக்கிறது.
மடியில் கணினி. திரையில் ஒரே வரி:

கெர்னல் தொடங்குகிறது.
கெர்னல் தொடங்குகிறது.
கெர்னல் தொடங்

விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்,
செயற்கைக்கோள் மோடம் கண் திறக்கிற இடம்.

தட்டாஞ்சாவடி மேசையில் இது ஒருமுறைகூட விழுந்ததில்லை.
செராஃபின் போனில் தூக்கக் குரலில் சத்தியம் செய்கிறான்:
'சர்க்யூட் என்னுது. அதுல தப்பு இல்ல, ரேணு.'
இல்லைதான்.
மேசை மின்சாரம் கேட்டதைக் கொடுக்கும்.
நாலு வருஷத்துப் படகு பேட்டரி
கேட்டவரைப் பார்த்துக் கொடுக்கும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்.
டிரைவர்கள் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டும்.
திரை கேட்கும்: எனக்கான மின்சாரம் எங்கே?
அதைத் தரவேண்டிய சில்லே இன்னும் எழவில்லை.
கெர்னல் கோபிக்காது, இல்லை என்றும் சொல்லாது.
'பிறகு கேள்' என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பும்,
மறக்காமல் திரும்பக் கூப்பிடும்.
ரேஷன் கடையில் எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

முதலில் மின்னழுத்தம். அது நிலைக்கவேண்டும்.
அப்புறம் கடிகாரம். அது துடிக்கவேண்டும்.
அதற்கும் அப்புறம்தான்
ரீசெட் காலை அமுக்கியிருக்கும் விரலை எடுக்கலாம்.
முந்தி எடுத்தால் சில்லு விழித்துக்கொள்ளும்,
தான் யாரென்று மட்டும் தப்பாகச் சொல்லும்.
நேற்று மாலை ஆழமானி
தன் அடையாள எண் சுழியம் என்றது.
கடலின் ஆழமும் சுழியம்.

தேசிங்கு எட்டிப் பார்க்கிறார்.
'ஐஸ் ஏத்தியாச்சு. நாலு மணிக்கு மேல
முகத்துவாரத்துல தண்ணி வத்திரும்.
வெளக்கு, வயர்லெஸ், ஒம் பெட்டி, எல்லாத்தையும்
ஒரே சாவியில இழுத்துட்டேம்மா.
திருப்புனா எல்லாம் வரணும்.'

எல்லாம் வரணும்.
தானே புயல் போய் இருபதாம் நாளோ என்னவோ,
எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது.
வந்த நொடியில் நாற்பது வீட்டு மோட்டாரும் சேர்ந்து உறும,
டிரான்ஸ்பார்மரில் ஒரு டமார்.
மேலும் இரண்டு நாள் இருட்டு.
யாரும் தப்புச் செய்யவில்லை.
எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

டிவைஸ் ட்ரீ கோப்பைத் திறக்கிறேன்.
மோடத்தின் மின்வாயிலுக்கு எதிரே
'நிலைக்க ஆகும் நேரம்: 0'.
எழுதியது யாரென்று தேடவேண்டியதில்லை.
ஜூன் மாதம், நான், சம்பளத்துக்கு முந்தின வாரம்.

கையேட்டைப் புரட்டுகிறேன்:
'போதிய அவகாசம் தரவும்.'
போதிய என்றால் எவ்வளவு?
அதை எழுதாமலே
எந்த ஊரிலோ ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இருபது மில்லிநொடி என்று அடிக்கிறேன்.
ஆழமானிக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் மோடம்.
மோடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை:
பதினொன்றரை வோல்ட் மூன்று நொடி நிற்கும்வரை
உன் முறை இல்லை.

மூன்று நாற்பது. தேசிங்கு சாவியைத் திருப்பினார்.
ஸ்டார்ட்டர் முக்கியது.
பன்னிரண்டு எட்டானது, தலைக்கு மேல் பல்பு சிவந்து சுருங்கியது.
மூச்சை நான் எங்கே வைத்தேனோ.

மோடம்: பிறகு கேள்.
மோடம்: பிறகு கேள்.

டீசல் பிடித்துக்கொண்டது. பலகையெல்லாம் அதிர்ந்தது.
மோடம்: பிறகு கேள்.
மோடம்: தயார்.

'வந்துருச்சா?' என்றார்.
'வந்துருச்சு.'
அவர் அதற்குள் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

கேபிளை உருவிக்கொண்டு கரையில் குதித்தேன்.
திரையில் கடைசி வரி பாதியில் நிற்கிறது,
இந்த முறை விழுந்ததால் அல்ல.

ஏன் இருபது என்று செராஃபின் காலையில் கேட்பான்.
பத்தே போதுமாக இருந்திருக்கலாம்.